ஐஸ் கவருக்குள் முளைத்த பொய்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவேன். அதையும் ஒருமுறை பார்த்த பேங்க் அம்மா, "பெரியவரே, பேனா எழுதுதான்னு பார்த்தது போதும், இப்ப கையெழுத்துப் போடுங்க" என்றார். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல, என் மருமகள் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். நடுவில் எங்காவது நல்ல தமிழ் தென்பட்டால் அது அவளுடையது. பெருமை அடிப்பது மட்டும் என்னுடையது.

வீட்டுத்தோட்டம், மாடித்தோட்டம் என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே! "மருதை அண்ணே, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று குரூப்பில் கேட்டிருந்தீர்கள். எப்படிச் சீவுவது, எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் நீங்கள் போனிலேயே பார்த்துவிடுகிறீர்கள். நான் சொன்னால் நடுவில் வெற்றிலை போட எழுந்து போய்விடுவேன், போன் போகாது. அதனால் அதை விடுங்கள்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், காட்டூரில் ஒரு வாத்தியார் வீட்டில் ஆறு மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டினேன். ஆறிலும் குச்சியைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். மொட்டெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்ப்பா மருதை, இது வேர்க்கடலை மாதிரி மண்ணுக்குள்ள காய்க்குமா?" என்றார். அந்தத் தெருவுக்குள் ஒரு வருஷம் நான் போகவில்லை. இப்படிப்பட்டவன் சொல்வதைத்தான் கேட்கப் போகிறீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டு என்பது என்ன? கொட்டை போட்டு முளைத்த ஒரு கன்றின் தலையை வெட்டிவிட்டு, நமக்குப் பிடித்த மரத்தின் குச்சி ஒன்றைச் சீவி அதில் செருகிக் கட்டுகிறோம். கட்டுக்கு மேலே துளிர்த்தால் அது நம் மரம். கட்டுக்குக் கீழே துளிர்த்தால் அது எவன் தின்று போட்ட கொட்டையோ. நாற்பது வருஷத் தொழிலில் அடிப்படைப் பாடம் இது ஒன்றுதான். இதில்தான் நான் கோட்டை விட்டேன். அதுவும் புதிதில் இல்லை. தலை முழுக்க நரைத்த பிறகு.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீடு. அங்கே ஒரு மாமியும், ரயில்வேயில் ரிடையர் ஆன அவர் வீட்டுக்காரரும் இருந்தார்கள். அவரை நான் சார் என்பேன். கொல்லையில் ஒரு மாமரம். பழம் வாயில் வைக்க விளங்காது. நாரும் புளிப்புமாக இருக்கும். ஆனால் வடு! மாசி பங்குனியில் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாகத் தொங்கும். காம்பைக் கிள்ளினால் எலுமிச்சம் தோலை நகத்தால் கீறின மாதிரி ஒரு வாசனை தெருவாசல் வரைக்கும் வரும். மாமி ஜாடி ஜாடியாக மாவடு போடுவார். அமெரிக்காவில் இருக்கும் மாமியின் தங்கை, ஊருக்கு வந்தால் அக்காவை அப்புறம்தான் பார்ப்பாராம்; முதலில் ஜாடியைத்தான்.

அந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டக் கொடுத்துவிட்டார்கள். சாரும் மாமியும் காவிரிக்கு அந்தப் பக்கம் கே.கே. நகரில் மகள் வீட்டோடு போய்விட ஏற்பாடு. மரத்தை வெட்டத் தேதியும் குறித்தாகிவிட்டது. மாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மருதை, வீடு போறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லை. படிக்கட்டு ஏறி ஏறி முட்டி போச்சு. ஆனா இந்த மரம் எனக்கு வேணும். கே.கே. நகர்ல பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு. இதே மரம் வேணும். வேற நல்ல ஜாதி, ஒசந்த ஜாதின்னு எதையாவது கொண்டுவந்து நிறுத்தாதே."

"கவலைய விடுங்க மாமி. இது ஒட்டு மரமா, கொட்டை மரமா?"

சார் ஈசிச்சேரிலிருந்து, "ரெண்டும் இல்லைய்யா, குப்பை மரம்" என்றார். "எங்கப்பா யாரோ குடுத்த மாம்பழத்தைத் தின்னுட்டு, புளிக்கறதுன்னு கோபத்துல கொட்டையைக் கொல்லையில வீசினார். எருக்குழியில முளைச்சுது. யாரும் நடவும் இல்லை, தண்ணி ஊத்தவும் இல்லை."

நான் சிரித்துவிட்டு அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் வெட்ட அப்போது மூன்று வாரம் இருந்தது. முறைப்படி என்ன செய்ய வேண்டும்? குச்சி எடுக்கும் கிளைகளில் பத்து நாள் முன்னாலேயே இலையைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் நுனி மொட்டு உப்பி, வெட்டி வைத்ததும் வெளியே வரத் துடிக்கும். மாமி இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டார். "மருதை கைக்கு எதுக்கு மாமி பத்து நாளு? குச்சிய நான் பார்த்தாலே துளிர்க்கும்" என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் அந்த மூன்று வாரமும் திருவானைக்காவல் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் வாழை மரம் கட்டினேன், ஒரு காது குத்தில் சாப்பிட்டேன், மீதி நாள் தூங்கினேன். மரம் வெட்டுவதற்கு முதல் நாள் போய் அவசர அவசரமாகப் பத்துக் குச்சி வெட்டினேன். மொட்டெல்லாம் மூடிய கண் மாதிரி இறுகிக் கிடந்தது. தெரிந்தே எடுத்தேன்.

கே.கே. நகரில் பத்துத் தொட்டியில் பத்துக் கன்று. பத்திலும் கட்டினேன். குச்சி காயாமல் இருக்க மேலே பாக்கெட் ஐஸ் கவரை மாட்டினேன். நீளமாக, ஒல்லியாக இருக்கும் அந்தக் கவர்தான் நமக்கு எப்போதும் தோதானது. அந்தக் கவருக்காகவே நான் வருஷக்கணக்கில் ஐஸ் தின்றேன். சர்க்கரை வியாதி வந்ததற்குத் தொழில்தான் காரணம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

கவரைக் கட்டுக்கு மேலே நிறுத்தாமல், நன்றாகக் கீழே வரைக்கும் இழுத்துவிட்டேன். அவசரம். மறுநாள் ஸ்ரீரங்கத்தில் மரம் சாய்ந்தது. மாமி பார்க்கப் போகவில்லை. "அதான் மருதை கையில குடுத்தாச்சே" என்றாராம்.

மூன்று வாரத்தில் ஒன்பது குச்சி கறுத்துப்போயின. பத்தாவது கவருக்குள் மட்டும் ஆவி படிந்து, அதற்குள்ளே பச்சையாக ஏதோ தெரிந்தது. எனக்குக் கண்ணில் புரை. கண்ணாடி இருக்கிறது, ஆனால் அதைப் போட்டால் என் மனைவி "வாங்க தாசில்தார்" என்கிறாள் என்று பையிலேயே வைத்திருப்பேன். குனிந்து பார்த்தேன். பச்சை! அவ்வளவுதான். கவரைப் பிரிக்கவில்லை. வாயைத்தான் பிரித்தேன்.

"மாமி! மரம் பொழைச்சிருச்சு! மருதை சொன்னா சொன்னதுதான்!"

மாமி ஓடி வந்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு மூன்று படியை ஒரே எட்டாக இறங்கினார். தொட்டியைப் பார்த்துக் கை கூப்பினார். உள்ளே போய் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும், எட்டு முழ வேட்டியும் வைத்துக் கொண்டுவந்தார். நான் மாப்பிள்ளை மாதிரி வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாசம் கழித்துக் கவரை எடுக்கப் போனேன். அன்றைக்கு ஏனோ கண்ணாடியும் போட்டிருந்தேன். கவரை உருவினேன். உள்ளே மாமியின் குச்சி கரிக்கட்டையாக நின்றது. அதை ஒட்டிக்கொண்டு, ஒரு தளிர் கொழுகொழுவென்று மேலே ஏறியிருந்தது. அதன் அடியைத் தேடினேன். கட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே. எவன் தின்று போட்ட கொட்டையோ!

தம்பிகளா, அந்த இடத்தில் எனக்கு முதலில் வந்த யோசனை என்ன தெரியுமா? கரிக்கட்டையை ஒடித்து எறிந்துவிட்டு, கட்டை அவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியும்? காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதற்குள் நான் இருப்பேனோ, போவேனோ. கை கத்தியை எடுத்தும்விட்டது. அதற்குள் பின்னால் மாமி.

"என்னப்பா, கவரை எடுத்துட்டியா? அட, எவ்வளவு இலை! ஒண்ணே ஒண்ணு கிள்ளிக்கட்டுமா?"

"வேணாம் மாமி. பிஞ்சு இலை. கிள்ளினா செடி பயந்துக்கும்."

"செடி பயப்படுமா?"

"புது இடம் பாருங்க."

மாமி கேட்கவில்லை. ஒரு இலையைக் கிள்ளினார். கசக்கினார். மூக்கில் வைத்தார். திருப்பி ஒருமுறை வைத்தார்.

"மருதை, இது எங்காத்து மரம் இல்லையே."

"சின்ன இலையில வாசனை வராது மாமி."

"வாசனை வர்றது. வேற வாசனை வர்றது."

"அது... கே.கே. நகர் தண்ணிக்கு அப்படித்தான் இருக்கும்."

இதைச் சொன்னதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. மாமி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஜாடியைத் திறந்து உள்ளே ஒன்றும் இல்லாததைப் பார்க்கிற பார்வை. அதைப் பார்த்துக்கொண்டு நாலாவது பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாள் முன்னால் இலை கிள்ளாதது, கல்யாண வீடு, காது குத்து, கண்ணாடி, கத்தியை எடுத்த யோசனை வரைக்கும்.

மாமி அந்தக் கசங்கின இலையைத் தொட்டி மண்ணிலேயே போட்டார். "ஒண்ணும் மிச்சம் இல்லையா?"

"இல்லைங்க மாமி."

மறுநாள் வேட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் நீட்டினேன். மடிப்புக்கூடக் கலையவில்லை.

"குடுத்ததைத் திரும்ப வாங்கற வழக்கம் இந்தாத்துல இல்லை. நீயே வச்சுக்கோ. என்னைக்காவது அந்த மரத்து வடுவைக் கொண்டுவந்தா, அப்ப கட்டிக்கோ. இல்லேன்னா அடுப்படியில கரித்துணியா உபயோகப்படும்."

கதவைச் சாத்தவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது காமெடி பண்ணித் தப்பித்திருப்பேன்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் சுற்றினேன். அந்தக் கீழ்த்தளிர் கண்ணுக்குள்ளேயே நின்றது. மேலே செத்தாலும் கீழே இருக்கிறது எவ்வளவு திமிராகத் துளிர்க்கிறது! இப்படி அதைத் திட்டிக்கொண்டே காவிரிப் பாலம் வரைக்கும் போய்விட்டேன். பாலத்து நடுவில்தான் உறைத்தது. மேலே வெட்டினாலும் கீழே துளிர்க்கும். அப்படியானால் ஸ்ரீரங்கத்தில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை?

ஒட்டு மரமாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. அடிக்கட்டையில் வருவது வேறு ஜாதி. ஆனால் சார் என்ன சொன்னார்? குப்பை மரம். எருக்குழியில் தானாக முளைத்தது. யாரும் அதில் ஒட்டுக் கட்டவில்லை. வேரிலிருந்து நுனி வரைக்கும் ஒரே மரம். என்னைக் குப்புறத் தள்ளிய அதே கீழ்த்தளிர், அங்கே துளிர்த்திருந்தால் மாமியின் மரம்!

போய் நின்றேன். வீடு தரைமட்டம். கொல்லையில் அடிக்கட்டை மட்டும் ஒரு முழ உயரத்துக்கு நின்றது. அதில் ஒரு ஆடு கட்டியிருந்தது. அது அசை போட்டுக்கொண்டிருந்தது எதை என்று கேட்காதீர்கள்.

வாட்ச்மேன் விசிலை எடுத்தார். "யோவ் பெருசு, எங்க உள்ள வர்ற? இஞ்சினியர் யாரையும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"தம்பி, ஆடு யாருது?"

"நம்மளுதுதான். ஏன், பொண்ணு பார்க்க வந்தியா?"

"அது எதைத் தின்னுச்சு?"

"அந்தக் கட்டையில கொழுந்து கொழுந்தா வந்துச்சு. ஒரு மாசமா நல்லாத் தின்னுது. பாரு, எப்படி மினுமினுன்னு இருக்கு!"

ஆட்டைத் தள்ளிவிட்டுக் கட்டையைச் சுற்றி வந்தேன். மூன்று பக்கமும் மொட்டை. நாலாவது பக்கம் மதிலை ஒட்டி இருந்தது. அந்த இடுக்குக்குள் ஆடு இன்னும் தலையை நுழைக்கவில்லை. அங்கே மூன்று கிளை, கை நீளத்துக்கு, கரும்பச்சை இலையோடு. ஒரு இலையைக் கசக்கினேன். எலுமிச்சம் தோல். நான் அழவில்லை. ஆடு பார்த்துக்கொண்டிருந்ததால் அழவில்லை.

"நாளைக்கு ஜே.சி.பி. வருது பெருசு. இந்தக் கட்டையைத் தோண்டி எடுக்கறாங்க."

இப்போதுதான் முடிவு எடுக்க வேண்டிய இடம். கத்தி கையில் இருக்கிறது. மூன்றையும் அப்போதே வெட்டிக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் மொட்டைத் தொட்டுப் பார்த்தேன், மூடிய கண்தான். வெட்டினால் போன தடவை மாதிரியே கறுக்கும். விட்டால் நாளைக்கு மண்ணோடு போகும். இரண்டில் எது? நான் மூன்றாவதைச் செய்தேன். இதுவரை யாரிடமும் செய்யாத ஒன்றை. கெஞ்சினேன். வாட்ச்மேனுடைய போனிலேயே இஞ்சினியரைப் பிடித்தேன்.

"சார், நான் ஒரு முட்டாள் சார்."

"யாருங்க நீங்க?"

"அதைத்தான் சார் சொல்றேன்."

ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "சரி பெரியவரே, வாசப்பக்கத்துல இருந்து தோண்டச் சொல்றேன். பத்து நாள். பதினோராம் நாள் வந்து நிக்காதீங்க."

அன்றைக்கே மூன்று கிளையிலும் இலையைக் கிள்ளிவிட்டேன். ஆட்டை மட்டும் என்ன செய்வது? வாட்ச்மேன் அதைக் கட்ட வேறு இடம் இல்லை என்று ஒரே பிடிவாதம். கொல்லை முழுக்கக் கம்பியும் ஜல்லியும். சரி, அதற்கும் ஒரு வழி. பத்து நாளும் காட்டூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு மொபெட்டில் அகத்திக் கட்டு. ஆட்டுக்கு வயிறு நிறைய வேண்டும். மதில் பக்கம் அது தலையைத் திருப்பவே கூடாது. ஏழாம் நாள் என் வண்டிச் சத்தம் கேட்டதும் அது எழுந்து நின்றது. என் வீட்டில்கூட எனக்கு அந்த மரியாதை இல்லை. மாமியிடம் மூச்சு விடவில்லை. வாயில் அகத்தியை வைத்துக் கட்டினவன் மாதிரி இருந்தேன்.

பத்தாம் நாள் மொட்டு உப்பி, வெடிக்கிற மாதிரி நின்றது. மூன்று குச்சி. ஈரத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று கன்றில் கட்டினேன். "வாங்க தாசில்தார்" என்றாள் மனைவி. "ஆமாம், உட்காரு, மனுவைக் கொடு" என்றேன். ஐஸ் கவரைக் கட்டுக்கு மேலேயே நிறுத்தினேன். கீழே வந்த துளிரையெல்லாம் தினமும் கிள்ளினேன்.

மூன்றில் இரண்டு கறுத்தன. ஒன்று துளிர்த்தது. அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கவரை எடுத்துப் பார்த்து, கட்டுக்கு மேலேதானா என்று என் மருமகளையும் பார்க்கச் சொல்லி, நாலு இலை விரிந்த பிறகுதான் தொட்டியை மொபெட்டின் முன்னால் வைத்து கே.கே. நகர் போனேன்.

மாமியும் சாரும் வாசலில் இருந்தார்கள். தொட்டியை இறக்கினேன். ஆடு முதல் ஜே.சி.பி. வரை சொன்னேன். மாமி தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"கிள்ளிப் பார்க்கட்டுமா?"

என் வாயில் தானாக வந்துவிட்டது. "நாலே இலைதான் மாமி இருக்கு..."

"போன தடவையும் நீ இப்படித்தானே சொன்னே?"

சரிதான். நானே ஒரு இலையைக் கிள்ளி மாமி கையில் வைத்தேன். நாலில் ஒன்று. அவர் கசக்கினார். மூக்கில் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. பிறகு அந்தக் கையைச் சாரின் மூக்குக்கு நீட்டினார்.

சார் முகர்ந்தார். "குப்பை மரம்தான்" என்றார்.

மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வேட்டியை இப்பவே கட்டிக்காதே. நான் இலைக்குச் சொல்லலை, வடுவுக்குச் சொன்னேன்."

அதற்கு ஐந்து வருஷம் ஆயிற்று. இடையில் என் கண்ணில் ஆபரேஷன் ஆனது. பல்லெல்லாம் ஒவ்வொன்றாக ரிடையர் ஆனது. கடைசியில் நானும் ரிடையர் ஆனேன். போன பங்குனியில் மாமி கூப்பிட்டார். வேட்டியைப் பீரோவிலிருந்து எடுத்தேன். மடித்த மடிப்பிலேயே வைத்திருந்ததால் மடிப்போரம் நைந்து கிழிந்திருந்தது. கிழிசலைப் பின்பக்கம் தள்ளிக் கட்டிக்கொண்டு போனேன்.

மரம் என் தோள் உயரத்தைத் தாண்டியிருந்தது. மொத்தம் முப்பது நாற்பது வடுதான். ஒரு சின்ன ஜாடி. மாமி தயிர்சாதம் போட்டு, இலையில் முதல் வடுவை எனக்கு வைத்தார்.

"சொல்லு மருதை, அதே மரம்தானா?"

கடிக்கப் பல் இல்லை. அப்படியே வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். உப்பும் காரமும் மெல்ல இறங்க, அதற்கு அடியிலிருந்து அந்த எலுமிச்சம் தோல் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் வடு விழுந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன். கால் மணி நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

மாமி சாரைப் பார்த்துச் சொன்னார்: "பார்த்தேளா, இவன் வாயை மூடறதுக்கு ஒரு மரம் வேண்டியிருந்தது."